வளைக்குள் இறங்கும் நாய்

ஜாக் ரஸ்ஸல் டெரியர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உருவான சின்ன நாய். உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 5, 6 கிலோ. வெள்ளை உடம்பில் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகள் இருக்கும்.

பெயருக்குரிய ஜான் ரஸ்ஸல் (1795–1883) ஒரு பாதிரியார். நரி வேட்டைப் பித்தர். 1819இல், ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது, ஒரு பால்காரரிடம் ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கினார். கண், காதுகளின் மேல் பழுப்பு, வாலடியில் காசளவு ஒரு பொட்டு, மற்றபடி முழு வெள்ளை. அதன் வழிவந்ததே இந்த இனம் என்பார்கள். குட்டைக்கால் வகை ஆஸ்திரேலியாவில் சீர்பெற்றது; பிரிட்டனின் கென்னல் கிளப் அதை ஏற்றது 2016இல்தான்.

அன்றைய வேட்டையில் துரத்தப்படும் நரி வளைக்குள் புகுந்துவிட்டால், பின்னாலேயே இறங்கி வெளியே விரட்டுவது டெரியரின் வேலையாக இருந்தது. கொல்லக் கூடாது, குரைத்தே நெருக்க வேண்டும். வளையில் நுழையத் தோதாக, மார்பு இரு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். இன்றும் அப்படிப் பிடித்துப் பார்ப்பதுண்டு. மண்ணுக்கடியில் எஜமானின் குரல் எட்டாது, முடிவை நாயேதான் எடுக்க வேண்டும். வீடுகளில் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று திட்டு வாங்கும் பிடிவாதத்துக்கு வேர் அங்கேதான். ஓயாத குரைப்பும் அப்படியே: தான் நிற்கும் இடத்தை மேலே இருப்பவருக்கு அறிவிக்கும் வழி அது.

நம் ஊரில் வளை என்றால் எலி வளைதான். ஆனால் காரைக்கால் போன்ற காவிரிக் கடைமடையில் எலி பிடிக்க உழவர்கள் நம்பியது நாயை அல்ல, மூங்கிலை வளைத்துச் செய்த ‘தஞ்சாவூர்க் கிட்டி’ என்ற பொறியை. சிப்பிப்பாறை, கன்னி முதலிய தமிழக வேட்டை நாய்களும் வெட்டவெளியில் முயலைக் கண்டு ஓடிப் பிடிப்பவையே. வரப்பெலி வளை வாயைப் புதுமண்ணால் அடைத்துக்கொண்டாலும் டெரியரின் மோப்பத்துக்குத் தப்பாது. ஆனால் தோண்டுகிற வேகத்தில் வரப்பே உடைந்து தண்ணீர் போய்விடும். எலியால் வரும் நஷ்டமே தேவலை!

கட்டிப்போட்டு வளர்க்கத் தோதான நாய் அல்ல இது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாவிட்டால் கொல்லையெல்லாம் குழியாகும், மெத்தை கிழியும். கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. கடலோர வெக்கையில் காலையும் மாலையும்தான் ஓட்டத்துக்கு ஏற்ற நேரம்.

இன்னொன்றும் முக்கியம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். போட்ட பிறகும் தேங்கிய வயல்நீரில் எலி துரத்த விடாதீர்கள்.