மடப்பள்ளிக்குள் அரசாங்கம் நுழையலாமா?

சுவாமிக்கு எந்த வேளையில் நைவேத்தியம் செய்வது? இதைச் சொல்ல வேண்டியது மடமா, அரசாங்கமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இப்படிப்பட்ட கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது உண்டு.

உடுப்பியில் உள்ள எட்டு மடங்களில் ஒன்று சிரூர் மடம். அங்குள்ள கிருஷ்ணன் கோயில் பூஜையை எட்டு மடங்களும் முறை வைத்துச் செய்கின்றன. முறைக்கு இரண்டு ஆண்டு. இதற்குப் 'பரியாயம்' என்று பெயர். பரியாயம் வந்தால் அன்னதானம் பெரிதாக நடக்கும். அரிசி மூட்டை மூட்டையாகக் கரையும். சிரூர் மடத்துக்குக் கடன் ஏறியது.

அப்போது உடுப்பி சென்னை ராஜ்யத்தில் இருந்தது. அறநிலைய அதிகாரிகள் தலையிட்டார்கள். 1951-ல் புதிய அறநிலையச் சட்டமும் வந்தது. மடாதிபதி லட்சுமீந்திர தீர்த்த சுவாமி ஐக்கோர்ட்டுக்குப் போய் வென்றார். அரசாங்கத் தரப்பு சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் செய்தது. 1954-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பி.கே. முகர்ஜி.

முதலில், மதம் என்றால் என்ன? அரசியல் சட்டத்தில் அதற்கு விளக்கம் இல்லை. கடவுள் நம்பிக்கைதான் மதம் என்றால், பௌத்தமும் சமணமும் மதம் இல்லை என்றாகிவிடும். மதம் என்பது மனத்தில் இருக்கும் நம்பிக்கை மட்டுமா? அதுவும் இல்லை. நைவேத்தியம், ஹோமம், வேத பாராயணம் எல்லாம் மதத்தைச் சேர்ந்தவையே. பணம் செலவாகிறது, ஆள் வேலை செய்கிறார் என்பதால் அவை உலக விவகாரமாகிவிடாது என்றது கோர்ட்டு. எது மதத்தின் உயிரான பகுதி என்பதை அந்த மதத்தின் கொள்கையைக் கொண்டே பார்க்க வேண்டுமாம்.

அப்படியானால் மடாதிபதி இஷ்டம்போல் செலவு செய்யலாமா? அதுதான் இல்லை! நைவேத்தியம் படைப்பது மதம். அதற்கு எவ்வளவு செலவு என்பது சொத்து நிர்வாகம். அதைச் சட்டம் போட்டு அரசாங்கம் கட்டுப்படுத்தலாம். ஒரே சோற்றுப் பானைக்கு இரண்டு கணக்கு!

நினைத்த நேரத்தில் மடத்தின் எந்த இடத்திலும் அதிகாரி நுழையலாம் என்ற பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கர்ப்பக்கிருகத்துக்குள் போக வெளியாருக்கு உரிமை கிடையாது. மடத்தின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வரை அரசாங்கம் வாங்கலாம் என்றது இன்னொரு பிரிவு. செய்த வேலைக்குக் கூலி என்றால் சரி. இதுவோ வரி, ராஜ்ய சட்டசபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அதையும் தள்ளினார்கள்.

1959-ல் சென்னை சட்டசபை வேறு சட்டம் செய்தது. அதற்குள் உடுப்பி மைசூர் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. ஆனால் கோயில் வழக்கு எங்கே நடந்தாலும், இன்றும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது இந்தச் சிரூர் மடத்துத் தீர்ப்பைத்தான்.