ரெக்கார்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓட

டிஜிட்டல் மல்டிடிராக் ரெக்கார்டரையும் கம்ப்யூட்டரில் உள்ள ரெக்கார்டிங் சாஃப்ட்வேரையும் சேர்த்து ஓட்ட வேண்டிய தேவை இன்றும் பலருக்கு வருகிறது. ரெக்கார்டரில் பதிந்த டிரம்ஸுக்கு மேல் சாஃப்ட்வேரில் கீபோர்டு சேர்க்க வேண்டியிருக்கும். பழைய பாடல்களை டிராக் டிராக்காகக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டியிருக்கும். கேபிளைச் செருகியதும் இரண்டும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. நாலாவது நிமிடத்தில் கேட்டால் டிரம்ஸ் இரட்டையாக ஒலிக்கிறது.

காரணம், இரண்டையும் ஒன்றாக ஓட்டும் சிங்க் என்பது ஒரே வேலை அல்ல. பாட்டில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது ஒன்று. எந்த வேகத்தில் போகிறோம் என்பது இன்னொன்று. கச்சேரியில் எடுப்பு சரியாக அமைந்தால் மட்டும் போதாது, காலப்பிரமாணமும் நிற்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் இதுவும். இடத்தைச் சொல்வது டைம்கோட், வேகத்தைப் பிடித்து நிறுத்துவது கிளாக்.

இடம் சொல்லும் டைம்கோட்

மிடி கேபிள் வழியாகப் போகும் டைம்கோடுக்கு எம்டிசி என்று பெயர். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்ற கணக்கில் அது இடத்தைச் சொல்லும். ஒரு முழு நேரத்தை எட்டுத் துண்டுகளாக உடைத்து அனுப்புவதால், அது சென்று சேர இரண்டு ஃபிரேம் ஆகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 80 மில்லிசெகண்ட். சாஃப்ட்வேர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்க இன்னும் சற்று நேரம் எடுக்கும். அதனால் பாட்டுக்கு முன்னால் சில நொடிகளாவது வெற்றிடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஃபிரேம் ரேட் 24, 25, 29.97, 30 என்று பலவகை. வீடியோ சம்பந்தப்படாத வேலைக்கு எதை வைத்தாலும் சரி, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

வேகம் காக்கும் கிளாக்

ஒவ்வொரு டிஜிட்டல் கருவிக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் துடிக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் இரண்டு கிரிஸ்டல்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. ஒன்று நொடிக்கு ஒரே ஒரு சாம்பிள் கூடுதலாக ஓடினால், ஐந்து நிமிடத்தில் 300 சாம்பிள் விலகிவிடும். அது ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். ஒரே டிரம்ஸ் இரண்டு பக்கமும் ஒலித்தால் இந்த வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும்.

இதை டைம்கோட் சரிசெய்யாது. பல சாஃப்ட்வேர்கள் ஆடியோவைப் பொறுத்தவரை டைம்கோடைப் பார்த்துச் சரியான இடத்தில் புறப்படும், பிறகு கம்ப்யூட்டருக்குள் ஒலியைக் கொண்டுவரும் ஆடியோ இண்டர்ஃபேஸின் கிளாக்கில்தான் ஓடும். ஆகவே கிளாக்கையும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்தாக வேண்டும். வேர்டு கிளாக், எஸ்/பிடிஐஎஃப், ஏடாட் ஆப்டிகல் ஆகிய மூன்று இணைப்புகளில் எது இரண்டு கருவியிலும் பொதுவாக இருக்கிறதோ அதன் வழியாகக் கொடுக்கலாம். கிளாக்குக்குத் தலைமை ஒரு கருவிதான், மற்றது பின்தொடர வேண்டும்.

ஒரு கருவியில் செய்து பார்ப்போம்

ரோலண்ட் விஎஸ்-880 என்ற எட்டு டிராக் ரெக்கார்டர் 1996இல் வந்தது. அதன் டிஸ்க்கில் உள்ள பாட்டைக் கம்ப்யூட்டர் நேரடியாகப் படிக்காது. எஸ்/பிடிஐஎஃப் வழியாக ஓட்டி மாற்றலாம்.

ரெக்கார்டரின் மிடி அவுட்டை இண்டர்ஃபேஸின் மிடி இன்னில் செருகுங்கள். எஸ்/பிடிஐஎஃப் அவுட்டை எஸ்/பிடிஐஎஃப் இன்னில் செருகுங்கள். ரெக்கார்டர் தன் சொந்த கிளாக்கில் ஓடி எம்டிசி அனுப்பட்டும். இண்டர்ஃபேஸின் கிளாக்கை இன்டர்னலிலிருந்து எஸ்/பிடிஐஎஃப்புக்கு மாற்றுங்கள். சாஃப்ட்வேரில் டைம்கோட் வரும் வழியாக அந்த மிடி போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். சாம்பிள் ரேட், ஃபிரேம் ரேட், தொடக்க நேரம் மூன்றையும் பொருத்துங்கள். இனி ரெக்கார்டரில் பிளே அழுத்தினால் சாஃப்ட்வேர் தானே ஓடும்.

எஸ்/பிடிஐஎஃப்பில் இரண்டு சேனல்தான் போகும். ஒரு டிராக்கை முழுவதும் இடப்பக்கமும் இன்னொன்றை முழுவதும் வலப்பக்கமும் வைத்து, ஈக்யூவையும் எஃபெக்டையும் அணைத்துவிட்டால், நாலு முறை ஓட்டி எட்டு டிராக்கையும் எடுத்துவிடலாம். ஆனால் டைம்கோடைக் கேட்டுப் புறப்படுவதில் ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்ட் முன்பின் ஆகும். டிரம்ஸைப் பல மைக்கில் பதிந்திருந்தால் அதுவே ஒலியைக் கெடுத்துவிடும்.

இதற்கு நம்பகமான வழி ஒன்று உண்டு. முதல் முறை 1, 2 என்று எடுங்கள். அடுத்த முறை 1, 3. அதற்கடுத்து 1, 4. இப்படி முதல் டிராக் எல்லா முறையும் கூட வரட்டும். மொத்தம் ஏழு முறை ஓட்ட வேண்டியிருக்கும். பிறகு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு முறை எடுத்த முதல் டிராக்கையும் பெரிதாக்கிப் பார்த்து, ஜோடியாக நகர்த்தி, முதன்முறை எடுத்ததோடு பொருத்துங்கள். ஒன்றின் பேஸை (phase) தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், பொருத்தம் சரியாக இருக்கும்போது சத்தம் ஏறக்குறைய மறைந்துவிடும். கிளாக் பூட்டப்பட்டிருப்பதால் ஒரு முறை பொருத்தினால் பாட்டு முடியும்வரை விலகாது.

கோளாறு எங்கே?

பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் விலகலை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் டைம்கோட் பக்கம் பாருங்கள். தொடக்க நேரம் பொருந்தாமல் இருக்கலாம். முடிவில் விலகல் கூடியிருந்தால் கிளாக் போய்ச்சேரவில்லை, இண்டர்ஃபேஸ் இன்னும் இன்டர்னலில் நிற்கிறது. நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் வந்தால் இரண்டும் தனித்தனி கிளாக்கில் ஓடுகின்றன, அல்லது கேபிள் சரியில்லை. அளந்த பிறகு கை வையுங்கள். விலகல் நிலையாக இருக்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்று தெரிந்துவிட்டால், எந்தப் பக்கத்து அமைப்பை மாற்ற வேண்டும் என்பது தானே தெளிவாகிவிடும்.