போணியாகாத கடிகாரமே, போற்றி!

1960-களின் கடைசி. அமெரிக்காவில் கடிகாரக் கடைக்காரர்களுக்கு ஒரு தலைவலி. ரோலெக்ஸ் கம்பெனியின் 'டேடோனா' என்கிற மாடல், விலை இருநூறு டாலர் சொச்சம். அதிலேயே ஒரு தினுசு டயல் உண்டு. உள்ளே மூன்று குட்டி வட்டங்கள், அந்த வட்டங்களில் கோடு கோடாக, கோட்டு நுனியில் சதுரம் சதுரமாக... வாங்க வந்தவர்கள் பார்த்ததுமே "வேற காட்டுங்க" என்றார்கள். போதாக்குறைக்குத் தினமும் சாவி வேறு கொடுக்க வேண்டும். ஷோகேஸில் தூசி படிந்து கிடந்தது.

அப்படிக் கிடந்ததில் ஒன்றை நடிகை ஜோன் வுட்வர்ட் தன் கணவருக்கு வாங்கிக் கொடுத்தார். கணவர் பேர் பால் நியூமன். ஹாலிவுட் ஸ்டார். கார் ரேஸ் பித்து பிடித்திருந்த சமயம். 'ஜாக்கிரதையா ஓட்டுங்க, நான்' என்கிற அர்த்தத்தில் பின்மூடியில் பொறித்துக் கொடுத்தார் அம்மணி. மனுஷர் அதை வருடக்கணக்கில் கட்டினார். 1984-ல் மகளுடைய சிநேகிதனிடம் மணி கேட்டிருக்கிறார். பையன் கையில் வாட்ச்சே இல்லை. "இந்தா, வெச்சுக்கோ" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்!

2017 அக்டோபரில் நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 115 கோடி ரூபாய். அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

நியூமன் கையைத் தொட்டதால்தானே அந்த விலை என்பீர்கள். சரி, அவர் கை படாத, அதே டயல் போட்ட சாதாரண டேடோனாவே இன்றைக்கு இரண்டு லட்சம் டாலர் சுமாருக்குப் போகிறது. நான் பி.காம். படித்தவன், கூட்டு வட்டி போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. போட்டுப் பார்த்தேன். ஐம்பது வருடத்தில் ஆயிரம் மடங்கு என்றால் வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் மாதிரி வருகிறது. எந்த பாங்க் ஃபிக்ஸட் டெபாசிட் தரும்?

இங்கேதான் எல்லோருக்கும் நாக்கு ஊறுகிறது. 'இன்றைக்கு ஷோரூமில் இருக்கிற வாட்ச்சில் எது நாளைய டேடோனா?'

ஒரு சங்கதியைக் கவனியுங்கள் ஸார். அன்றைக்கு அந்த டயலை விரும்பி வாங்க ஆளில்லை. அதனால் அதிகம் தயாராகவில்லை. வாங்கின சிலரும் பொக்கிஷம் என்று பெட்டியில் வைக்கவில்லை. கட்டினார்கள், கீறினார்கள், பாலீஷ் போட்டார்கள், பெட்டியையும் பில்லையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்கள். சிலர் கடையில் கொடுத்து, நல்லதாக, சாதா டயலாக மாற்றியும் கொண்டார்கள். இத்தனையும் தாண்டித் தப்பிப் பிழைத்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை. டிமாண்ட், சப்ளை என்று முதல் வருஷ எகனாமிக்ஸில் உருப்போட்டோமே, அதேதான். ஒரே வித்தியாசம், சப்ளை குறைந்தது ஃபாக்டரியில் மட்டுமல்ல, வீடுகளிலும்.

ஆடுமா பீகே என்கிற சுவிஸ் கம்பெனி கதையும் ஏறக்குறைய இதுதான். ஜெரால்ட் ஜெண்டா என்கிற டிசைனரிடம் நாளைக் காலைக்குள் ஒரு டிசைன் வேண்டும் என்று சாயங்காலம் போன் வர, ராத்திரியோடு ராத்திரியாக அவர் வரைந்தது 'ராயல் ஓக்'. எட்டு மூலை, எட்டு ஸ்க்ரூ. 1972-ல் கடைக்கு வந்தது. எஃகுக் கடிகாரம், விலையோ மூவாயிரம் ஃபிராங்குக்கு மேல். பல தங்கக் கடிகாரங்களே அதைவிட சல்லிசு. சிரித்தார்கள். முதல் ஆயிரம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. இன்றைக்கு அந்த முதல் ஆயிரத்தில் ஒன்று கிடைத்தால் வீட்டை விற்று வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் ஹெச்.எம்.டி. 'ஜனதா' என்று ஒன்று உண்டே! எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தால் அப்பாவும், கல்யாணமானால் மாமனாரும் கட்டிவிட்டது. மேஜை டிராயரில் சீந்துவாரற்றுக் கிடந்தது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்ததும், அந்த ஜனதாவுக்கே ஆளாளுக்கு அலைந்தார்கள். இப்போது மும்பை டயல், யாரோ வரைந்த எழுத்து என்று ஒட்டுப்போட்ட சரக்கெல்லாம் 'ஒரிஜினல்' என்று விற்கிறது. ஜாக்கிரதை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று சொல்கிறேன். 1983-ல் வந்த பிளாஸ்டிக் 'ஸ்வாட்ச்'. 1990 வாக்கில் ஐரோப்பாவில் அதற்கு ஒரு பைத்தியம். புது டிசைன் வருகிற அன்று விடியற்காலையிலிருந்தே க்யூ. வாங்கினவர்கள் கட்டவில்லை, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாம் எதிர்காலப் பொக்கிஷம்! ஆரம்ப காலத்தில் வெறும் 140 மட்டும் செய்த ஒரு மாடல் போன்ற சிலவற்றுக்கு நிஜமாகவே நல்ல விலை கிடைத்தது. மற்றதெல்லாம்? எல்லோர் வீட்டிலும் பிரிக்காத பெட்டி இருந்தால் யாரிடம் போய் விற்பது? கொஞ்ச வருஷத்தில் விலை படுத்துவிட்டது. 2022 மார்ச்சில் அதே கம்பெனி, ஒமேகாவோடு சேர்ந்து 'மூன்ஸ்வாட்ச்' என்று விட்டபோது மறுபடி அதே க்யூ, அதே தள்ளுமுள்ளு. 260 டாலர் வாட்ச்சை முதல் வாரத்தில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். கம்பெனி தொடர்ந்து செய்து தள்ளியதில் அதுவும் அடங்கிப் போனது.

அந்த 2022 மார்ச்சில்தான் என் நண்பன் ஒருவனுக்கும் ஜுரம் வந்தது. கொரோனா காலத்தில் ஊரடங்கி வீட்டில் இருந்தவர்கள் கையில் காசு, கிரிப்டோ லாபம் எல்லாம் சேர்ந்து எஃகு ஸ்போர்ட்ஸ் வாட்ச் விலைகளை ஆகாயத்துக்குக் கொண்டு போயிருந்த நேரம். பதேக் பிலிப் கம்பெனி 'நாட்டிலஸ் 5711' மாடலை நிறுத்தப் போவதாக 2021 ஜனவரியில் சொன்னதும், கடை விலையைப் போல நாலு மடங்குக்கு மேல் வெளியில் கேட்டார்கள். என் நண்பன் சக்திக்கு அது இல்லை. வேறொரு கம்பெனியின் எஃகு வாட்ச், வெளி மார்க்கெட்டில், டபுள் விலையில்.

"இது வாட்ச் இல்லடா, சொத்து!" என்றான்.

"காசு ஏது?"

"பொண்ணு காலேஜுக்கு வெச்சிருக்கிற டெபாசிட்டை உடைக்கிறேன். ரெண்டு வருஷத்துல டபுள்."

அவன் மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா. நூறு ரூபா வாட்ச்சும் அதே மணியத்தானே காட்டுது?" என்றார். சொன்னேன். கேட்கவில்லை. அடுத்த மாதமே மார்க்கெட் இறங்க ஆரம்பித்தது. பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள், எஜுகேஷன் லோனில். வாட்ச் பாங்க் லாக்கரில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. மணி பார்க்க அவன் செல்போனைத்தான் எடுக்கிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கடிகாரம் அழகாக மூப்படையும். டயல் வெயிலில் வெந்து காப்பிப்பொடி நிறமாகும், முள்ளில் பூசிய டிரிட்டியம் வெண்ணெய் நிறமாகும். 1990-களின் நடுவில் வந்த டேடோனா சிலவற்றில் டயல் வார்னிஷ் கோளாறால் குட்டி வட்டங்களின் விளிம்பு பழுப்பேறிவிட்டது. கோளாறு, ஸ்வாமி! அதற்குத்தான் கூடுதல் விலை. இப்போதைய வாட்ச்சில் இந்தப் பாச்சா பலிக்காது. டிரிட்டியம் போய், மங்கினாலும் பழுக்காத புதுப் பூச்சு வந்துவிட்டது. விளிம்பு செராமிக், வெளுக்கவே வெளுக்காது. முப்பது வருஷம் கழித்தும் நேற்று வாங்கினது மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படி ரசித்துப் பொறுக்குவது?

ரிப்பேர் செய்ய முடிகிறதா என்பதும் முக்கியம். 2015-ல் ஆப்பிள் கம்பெனி பதினெட்டு காரட் தங்கத்தில் வாட்ச் விட்டது. பத்தாயிரத்திலிருந்து பதினேழாயிரம் டாலர். 2018-ல் புது சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை. 2023-ல் 'இனி ரிப்பேர் கிடையாது' என்ற பட்டியலில் கம்பெனியே சேர்த்துவிட்டது. நம்ம ஊர் ஆசாரி உரசிப் பார்த்து எடைக்கு எடுத்துக்கொள்வார்.

'கதையெல்லாம் சரி, நீ எதைச் சொல்றே?' சொல்கிறேன். ஜோசியம்தான், பலிக்காவிட்டால் பணம் வாபஸ் கிடையாது.

ஒன்று, கிராண்ட் ஸெய்கோ 'ஸ்னோஃப்ளேக்'. பனி படர்ந்த மாதிரி டயல். 2017-ல் கிராண்ட் ஸெய்கோவைத் தனி பிராண்டாக்கினார்கள். அதற்கு முன் வந்த டயலில் மேலே 'ஸெய்கோ', கீழே கிராண்ட் ஸெய்கோ முத்திரை, இரண்டும் இருக்கும். 'ஸெய்கோவுக்கா இவ்வளவு காசு?' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த ரெட்டைப் பெயர் டயல் இனி வராது.

ஜெர்மனியின் 'லாங்கே 1' என் அடுத்த சாய்ஸ். சுவர் இடிந்தபின் கிழக்கு ஜெர்மனியில் 1990-ல் மறுபடி ஆரம்பித்த கம்பெனி, 1994-ல் விட்டது. ஆரம்பத்தில் பின்மூடி கண்ணாடி இல்லாமல் கெட்டியாக மூடியிருக்கும். ரசிகர்கள் இதை ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டார்கள், சீக்கிரம்.

மூன்றாவதில்தான் எனக்கு ஆசை அதிகம். ரோலெக்ஸ் 'மில்காஸ்'. 1956-ல் காந்தப் புலத்தில் வேலை செய்கிற விஞ்ஞானிகளுக்காக வந்து, சீந்துவாரில்லாமல் போய், எண்பதுகளில் நின்றது. அந்த முதல் காலத்து மில்காஸ் ஒன்று 2023-ல் ஜெனீவாவில் 22 லட்சம் ஃபிராங்கைத் தாண்டியது. நடுவில் 2007-ல் பச்சைக் கண்ணாடி, மின்னல் மாதிரி வளைந்த ஆரஞ்சு முள் என்று மறுபடி விட்டார்கள். மற்ற எஃகு ரோலெக்ஸுக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் இருந்த காலத்திலும் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய. 2023-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

வாங்குகிறவர்கள் கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பாலீஷ் மட்டும் போடவிடாதீர்கள். பில், பெட்டி, வாரண்டி கார்டு பத்திரம். சர்வீஸுக்குக் கொடுத்து முள் மாற்றினார்கள் என்றால், கழற்றின பழைய முள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.