எல்லைகள் – 7: கொத்தமல்லி விதையும் ஒரு கையெழுத்தும்

வெளிநாட்டு விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணியிடம் அந்த நாடு கேட்பவை அடிப்படையில் இரண்டே கேள்விகள்தான்: வந்திருப்பவர் யார், அவர் கொண்டுவந்திருப்பது என்ன? முதல் கேள்வி குடிவரவுச் சோதனை மேசையில் கேட்கப்படுகிறது. இரண்டாவது, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியில் உள்ள சுங்கச் சோதனைப் பகுதியில் கேட்கப்படுகிறது. பெரும்பாலான பயணிகள் முதல் கேள்விக்கே அஞ்சுகிறார்கள். விசா, அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு என்று பல நாள்கள் அதற்காகவே தயாராகிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, முறையான விசாவுடன் செல்லும் ஒருவர் சிக்கிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் இரண்டாவது கேள்விதான். கடவுச்சீட்டும் விசாவும் தோன்றிய வரலாற்றைச் சென்ற இதழ்களில் கண்டோம். இந்த இதழில் ஆஸ்திரேலிய விமான நிலையத்தின் அந்த இரண்டாவது கேள்வியை விரிவாகப் பார்ப்பது தகும்.

குடிவரவுச் சோதனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, நியூசிலாந்துக் குடிமக்கள் நீங்கலாக ஏறத்தாழ எல்லா வெளிநாட்டினரும் புறப்படுவதற்கு முன்பே விசா பெற்றிருக்க வேண்டும். அந்த விசா இப்போது கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை. மின்னணுப் பதிவாகவே உள்ளது. விமான நிறுவனம் பயணியை ஏற்றிக்கொள்ளும் முன்பே அதைச் சரிபார்த்துவிடுவதால், மெல்பேர்னிலோ சிட்னியிலோ எல்லைப் படை அதிகாரியின் முன் நிற்கும்போது பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும். எஞ்சியிருப்பது, பயணி சொல்லும் நோக்கமும் விசாவின் நிபந்தனைகளும் ஒத்துப்போகின்றனவா என்ற ஒன்றே. இந்நிபந்தனைகளுக்கு எண்கள் உண்டு. சான்றாக, 8101 என்ற எண் விசா வைத்திருப்பவர் அந்நாட்டில் வேலை செய்யக்கூடாது என்பதைக் குறிக்கும். உறவினரைப் பார்க்க வந்தவர் வேலை தேடும் எண்ணத்துடன் வந்திருக்கிறார் என்று அதிகாரி ஐயுற்றால் தனியே அழைத்து விசாரிக்கவும், சட்டம் வகுத்த காரணங்கள் இருப்பின் விமான நிலையத்திலேயே விசாவை ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எங்கே தங்கப்போகிறார், எத்தனை நாள், யாரைப் பார்க்க என்பவற்றுக்குச் சுருக்கமாகவும் உண்மையாகவும் விடையளிப்பவருக்கு இந்த மேசையில் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகும்.

இனி, விமானத்தில் கொடுக்கப்படும் வருகைப் பயணி அட்டைக்கு வரலாம். பெயர், விமான எண், தங்கும் முகவரி ஆகியவற்றோடு, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறியிட வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாக இருக்கும். மருந்துகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களும் உள்ளனவா, மது 2.25 லிட்டருக்கு மேல் உள்ளதா, புதிதாக வாங்கியனவும் அன்பளிப்புகளுமான பொருள்களின் மதிப்பு 900 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறதா, 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் உள்ளதா என்பவை வழக்கமான சுங்கக் கேள்விகள். இவற்றை அடுத்து வருபவை உயிரிப் பாதுகாப்பு சார்ந்தவை. அதாவது, ஒரு நாட்டின் பயிர்களையும் கால்நடைகளையும் காடுகளையும் வெளியிலிருந்து வரும் பூச்சி, நோய், களை ஆகியவற்றிலிருந்து காப்பதற்கான கேள்விகள். இறைச்சி, மீன், முட்டை, பால்பொருள், பழம், காய்கறி உள்ளதா. தானியம், விதை, பருப்பு, செடி, நாட்டு மருந்து, மரப்பொருள் உள்ளதா. கடந்த 30 நாள்களுக்குள் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ சென்றதுண்டா என்று அவை நீள்கின்றன. அட்டையின் கீழே பயணி கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தோடு அந்த அட்டை ஒரு சட்ட ஆவணமாகிவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் உதவிக்காக நிரப்பிக் கொடுத்திருந்தாலும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதே.

இங்கே பயணிகள் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. அட்டை கேட்பது ‘இந்தப் பொருள் உங்களிடம் உள்ளதா?’ என்பதை மட்டுமே. ‘அனுமதிக்கப்படாத பொருள் உள்ளதா?’ என்று அது கேட்கவில்லை. எது அனுமதிக்கத்தக்கது என்று தீர்மானிப்பது அதிகாரியின் வேலை. ரொக்கம் பற்றிய கேள்வியைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்: ஆஸ்திரேலியாவுக்குள் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், அதற்கு உச்சவரம்பு இல்லை, 10,000 டாலரை எட்டிய தொகையை அறிவிக்காமல் இருப்பதே குற்றம். உணவுப் பொருளிலும் இதுவே நியதி. தடைசெய்யப்பட்ட பொருளைக் கொண்டுவந்தவர்கூட அதை அட்டையில் அறிவித்துவிட்டால், அந்தப் பொருளை மட்டும் இழப்பார், தண்டம் கட்டமாட்டார். அறிவிக்காதவரே தண்டத்துக்கு உள்ளாகிறார். ‘ஆம்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் ‘இல்லை’ என்று குறியிடுபவர், தம்மைக் காப்பாற்றக்கூடிய ஒரே வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதை அந்நாட்டின் வரலாற்றை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது. தமிழ்நாட்டின் வேலியோரங்களில் காணப்படும் சப்பாத்திக்கள்ளியின் இனங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றவர்கள் ஐரோப்பியக் குடியேறிகள். சாயப்பூச்சி வளர்க்கவும் வேலி கட்டவும் நடப்பட்ட அக்கள்ளி, இயற்கை எதிரிகள் இல்லாத மண்ணில் பெருகி, 1920களில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை ஆக்கிரமித்தது. குடும்பங்கள் பண்ணைகளைக் கைவிட்டு வெளியேறின. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1926 முதல் பரப்பப்பட்ட கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் கள்ளியைக் குடைந்து தின்று அழித்த பிறகே அந்நிலங்கள் மீண்டன. அந்தப் பூச்சிக்கு நன்றி கூறும் வகையில் பூனார்கா என்ற சிற்றூரில் கட்டப்பட்ட நினைவு மண்டபம் இன்றும் உள்ளது. 1908இல் இயற்றப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த தொற்றுத்தடைச் சட்டத்தின் இடத்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பட்டறிவின் மேல் எழுந்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95,000 பேர். அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரின் பெட்டியில் உடைகளைவிட உணவுப் பொருள்களே கூடுதலாக இருப்பதுண்டு. அப்பெட்டியில் வழக்கமாக இடம்பெறும் சிலவற்றை ஆஸ்திரேலிய விதிகளின் கண்கொண்டு பார்க்கலாம்.

முதலில் அஞ்சறைப் பெட்டிச் சாமான்கள். கப்ரா வண்டு என்பது இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படும், சேமித்து வைத்த தானியத்தைத் தின்னும் பூச்சி. முழு வளர்ச்சியடைந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் புழு, பெட்டியின் தையல் மடிப்பிலோ அட்டைப்பெட்டியின் இடுக்கிலோ ஒடுங்கி, உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்க வல்லது. கோதுமையையும் பருப்பு வகைகளையும் ஏற்றுமதி செய்து வாழும் ஒரு நாட்டில் இது நிலைகொண்டால், வாங்கும் நாடுகள் அதன் தானியத்தை மறுத்துவிடக்கூடும். எனவே 2020இல் ஆஸ்திரேலியா, இவ்வண்டு தங்கக்கூடிய பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவருவதற்குத் தடை விதித்தது. அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பயறு வகைகள், நிலக்கடலை, சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. தொழிற்சாலையில் வறுத்தோ பொரித்தோ வேகவைத்தோ முறையாகப் பதப்படுத்தப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு கையில் உள்ள பொட்டலத்துக்குப் பொருந்துமா என்பதையும் அதிகாரியே தீர்மானிப்பார். சொந்த வயலில் விளைந்த தனியாவை மகளுக்காகப் புடைத்துக் காயவைத்து எடுத்துச் செல்லும் தாய்க்கு இந்தத் தடை மிகவும் வருத்தம் தரும். ஆயினும் தடையின் காரணம் நியாயமானதே.

கறிவேப்பிலையின் நிலை இன்னும் கடுமையானது. ஆசிய நாரத்தைத் துள்ளுபூச்சி எனத்தக்க ஒரு சிறு பூச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றைப் போலவே கறிவேப்பிலையிலும் முட்டையிட்டு வளர்கிறது. அப்பூச்சி சுமக்கும் நுண்ணுயிர் எலுமிச்சை இனப் பயிர்களில் பசுமையாதல் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு ஆண்டுக்கு 20 கோடிப் பெட்டிகளுக்கு மேல் ஆரஞ்சு விளைவித்த அம்மாநிலம், முக்கியமாக இந்நோயாலும், அதோடு சேர்ந்த புயல்களாலும், 2022–23 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகளைக்கூட எட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்நோய் இல்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்த ஒரு கைப்பிடி பச்சைக் கறிவேப்பிலை ஏன் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பால்கோவா, குலாப் ஜாமூன், ரசகுல்லா போன்ற பால் இனிப்புகளைத் தடுப்பது கோமாரி நோய் பற்றிய அச்சம். கால்நடைகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளங்களை உண்டாக்கும் இந்நோயின் வைரஸ், பாலிலும் இறைச்சியிலும் காலணியில் ஒட்டிய சேற்றிலும் தங்கிப் பரவக்கூடியது. 2001இல் பிரிட்டனில் இந்நோய் வெடித்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. வேகவைக்கப்படாத உணவுக் கழிவைத் தீனியாகப் பெற்ற ஒரு பன்றிப்பண்ணையிலிருந்து அது தொடங்கியதாகப் பின்னர் கண்டறியப்பட்டது. 2022இல் இந்தோனேசியாவில் நோய் பரவியதும், பாலியிலிருந்து வரும் பயணிகள் மிதித்துச் செல்லக் கிருமிநாசினி நனைத்த விரிப்புகளை ஆஸ்திரேலியா தன் விமான நிலையங்களில் போட்டது. அட்டையில் பண்ணை பற்றிய கேள்விக்கும் இதுவே காரணம். வீட்டில் மாடு வைத்திருப்பவர், வயலுக்குச் சென்றுவந்த செருப்பைப் பெட்டியில் வைத்திருப்பவர் ‘ஆம்’ என்றே குறியிட வேண்டும். பெரும்பாலும் அதிகாரி அடிப்பாகத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் சுத்தம் செய்து திருப்பித் தந்துவிடுவார்.

பெட்டி வரும் சுழல்பட்டையின் அருகே நாயுடன் ஓர் அதிகாரி நடந்துவருவதைப் பயணிகள் காணலாம். உணவின் வாடையை உணர்ந்ததும் அந்த நாய் குரைக்காது, பெட்டியைக் கீறாது; அதன் அருகே அமைதியாக உட்கார்ந்துவிடும். முன்பொருமுறை அப்பெட்டியில் பழம் இருந்து, அதன் மணம் மட்டும் எஞ்சியிருந்தாலும் அது உட்காரக்கூடும். அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்து, பெட்டியைத் திறக்கச் சொல்வார். அதில் உணவுக்கு ‘ஆம்’ என்றிருந்தால் பேச்சு பொருளைப் பற்றியது. ‘இல்லை’ என்றிருந்தால் பேச்சு அந்தக் கையெழுத்தைப் பற்றியது. 2022 ஜூலையில் பாலியிலிருந்து டார்வினுக்கு வந்த ஒரு பயணியின் பையில் முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு ரொட்டிகளும் பன்றி இறைச்சி வைத்த ஒரு குரோசானும் இருப்பதை சின்டா என்ற மோப்பநாய் காட்டிக்கொடுத்தது. அவற்றை அறிவிக்காத பயணிக்கு 2,664 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. இத்தொகை எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. ஆஸ்திரேலியச் சட்டங்கள் தண்டத்தை டாலர் கணக்கில் எழுதாமல் ‘தண்ட அலகு’ என்ற அளவில் எழுதுகின்றன. அலகின் மதிப்பு அவ்வப்போது உயர்த்தப்படும். அன்று ஓர் அலகு 222 டாலர், விதிக்கப்பட்டது 12 அலகு. 2024 நவம்பரில் ஓர் அலகு 330 டாலராக உயர்ந்தது.

பணத்தோடு இது முடிவதில்லை. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உயிரிப் பாதுகாப்பு விதியை மீறிய சுற்றுலா விசாக்காரரின் விசாவையே விமான நிலையத்தில் ரத்து செய்யலாம். அவ்வாண்டு அக்டோபரில் சிட்னியில், பச்சைப் பன்றி இறைச்சி உள்ளிட்ட பல கிலோ உணவை அறிவிக்காமல் கொண்டுவந்த வியட்நாமியப் பெண் ஒருவர் இவ்விதியின்கீழ் முதன்முதலாகத் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் இந்த அதிகாரம் மாணவர் விசாவுக்கும் தற்காலிக வேலை விசாவுக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே, படிக்கச் செல்லும் மாணவருக்கு ஒரு பொட்டலத்தின் விலை அவருடைய படிப்பாகவே ஆகிவிடலாம்.

விதியின் நோக்கம் சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வந்துசேரும் முறை முதியவர்களுக்கு எளிதாக இல்லை. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாக விமானம் மாறி, இரவு முழுவதும் பயணம் செய்து, அரைத்தூக்கத்தில் ஆங்கில அட்டையை நிரப்புகிறார்கள். ‘இதை மட்டும் என் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள்’ என்று பக்கத்து வீட்டார் ஒட்டிக்கொடுத்த பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சட்டமோ பெட்டிக்குள் இருப்பவை அனைத்துக்கும் அவர்களையே பொறுப்பாக்குகிறது. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பிறகு உண்ணலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டு மறந்துபோனவருக்கும் இதே விதிதான்.

பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகள், பெட்டி கட்டும் நாளில் கால்மணி நேரம் ஒதுக்கி, ஆஸ்திரேலிய வேளாண் துறையின் பைகான் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பொருளையும் தேடிப் பார்க்க வேண்டும். அட்டையின் கேள்விகளைத் தொலைபேசியிலேனும் தமிழில் படித்துக்காட்ட வேண்டும். பிறர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்கவேண்டாம் என்றும், உணவு எதுவாயினும், எவ்வளவு சிறிதாயினும், ஐயம் எழுந்தால் ‘ஆம்’ என்றே குறியிடவேண்டும் என்றும் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.