எல்லையோரக் கிடங்கும் கணினித் திட்டமும்

சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த காளஹஸ்தி, வாயுத் தலமாகவும் ராகு கேது பரிகாரத் தலமாகவும் பக்தர்களால் அறியப்பட்ட ஊர். வணிகத்தின் பார்வையில் அது நாயுடுப்பேட்டையையும் திருப்பதியையும் இணைக்கும் 71-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மேல், சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஆந்திரம், தமிழ்நாடு என்னும் இரு மாநிலச் சந்தைகளின் ஓரத்தில் அமைந்த விநியோக ஊராகும். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய இவ்வூரைப் போன்ற இடங்களில்தான், பெரிய நிறுவனங்களின் சோப்பும் பிஸ்கட்டும் மருந்தும் எண்ணெயும் லாரியிலிருந்து கிடங்கில் இறங்கி, சிறிய வண்டிகளில் ஏறி, கிராமத்துப் பெட்டிக்கடை வரை சென்று சேர்கின்றன. இந்த நடுக்கட்டத்தை நடத்துகிற மொத்த விநியோகஸ்தர், கடந்த பத்தாண்டுகளில் தம் விருப்பத்தினாலும், பெரும்பாலும் தம் விருப்பத்தைக் கேளாமலும், ஒன்றன் பின் ஒன்றாகக் கணினித் திட்டங்களுக்குள் இழுக்கப்பட்டிருக்கிறார்.

அவருடைய தொழிலின் கணக்கு மிக மெல்லியது. நுகர்பொருள் விநியோகத்தில் கிடைக்கும் மொத்த இலாபம் பொதுவாக நூறு ரூபாய்க்கு மூன்று முதல் ஐந்து ரூபாய் வரை இருக்க, அதற்குள்ளேயே கிடங்கு வாடகையும் ஆள் கூலியும் வண்டிச் செலவும் வட்டியும் அடங்க வேண்டும். மாதம் ஒரு கோடி ரூபாய்க்கு விற்பவர் நான்கு சதவீதம் பெற்றால் நான்கு லட்சமும், செலவு போக ஒரு சதவீதம் நின்றால் ஒரு லட்சமும் அவருக்குக் கிடைக்கும். இருபத்தைந்து வேலை நாள்களில் இரண்டே நாள் பில் போட முடியாமல் நின்றுவிட்டாலும், முப்பத்திரண்டாயிரம் ரூபாய் மொத்த இலாபம் போய்விடுகிறது. அந்த இரண்டு நாளுக்கும் வாடகையும் சம்பளமும் வழக்கம்போல் ஓடுவதால், மாதத்தின் நிகர இலாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அத்துடன் கரைந்துவிடுகிறது. மென்பொருளின் விலை எவ்வளவு என்று கேட்கிற வியாபாரி, அதைப் பொருத்தும் நாள்களில் விற்பனை எத்தனை நாள் நிற்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

உலக அளவில் இதற்கான மிகக் கடுமையான சான்று அமெரிக்காவின் ஃபாக்ஸ்மேயர் என்ற மருந்து மொத்த விற்பனை நிறுவனம். ஆண்டுக்கு ஐநூறு கோடி டாலர் அளவுக்கு வியாபாரம் செய்து, அந்நாட்டின் முன்னணி மருந்து விநியோக நிறுவனங்களுள் ஒன்றாக இருந்த அது, 1993-இல் பழைய பெருங்கணினியைக் கைவிட்டு, எஸ்.ஏ.பி. மென்பொருளையும் தானியங்கிக் கிடங்கையும் ஒரே காலத்தில் கொண்டுவரத் திட்டமிட்டது. பழைய கணினி ஓர் இரவில் நான்கு லட்சத்து இருபதாயிரம் ஆர்டர்களைக் கையாண்ட இடத்தில், புதிய அமைப்பு பத்தாயிரம் அளவுக்கே கையாண்டதாகப் பின்னாளில் பதிவாயிற்று. திட்டம் முடிந்தபின் செலவு குறையும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே குறைந்த விலைக்குப் பெரிய ஒப்பந்தங்களை எடுத்திருந்ததும், மூடப்படப்போகிற கிடங்குகளின் தொழிலாளர்கள் மனம் வெறுத்து வேலையை விட்டதும் அதனுடன் சேர்ந்துகொண்டன. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அதே மென்பொருளை அக்காலத்தில் நடத்திவந்த நிறுவனங்கள் பல உண்டு என்பதால், ஃபாக்ஸ்மேயரின் வீழ்ச்சிக்கு மென்பொருளை மட்டும் காரணமாக்குவது போதாது. மெல்லிய இலாபத்தில் ஓடுகிற ஒரு விநியோகத் தொழில், கணினியையும் கிடங்கையும் விலையையும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றதே அங்கு நேர்ந்த பெரும் பிழை.

இந்தியாவில் இதையொத்த சோதனை ஒரு நிறுவனத்தின் மேல் அல்லாமல் நாட்டின் அத்தனை மொத்த வியாபாரிகளின் மேலும் ஒரே இரவில் வந்தது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, சட்டமாக இருந்த அளவுக்கு ஒரு கணினித் திட்டமாகவும் இருந்தது. அதன் வலைத்தளத்தைக் கட்டும் பணி 2015-இல் 1,380 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது. விற்பவர் தம் பில்களை ஒரு படிவத்திலும், வாங்குபவர் தம் கொள்முதலை மற்றொரு படிவத்திலும் ஏற்றி, இரண்டும் பில் வாரியாக ஒத்துப்போன பின் மூன்றாவது படிவம் உருவாகும் என்பது மூலத் திட்டம். ஜூலை மாதத்துக்கான சுருக்கக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாள் நெருங்கியபோதே தளம் திணறியதால், கெடு ஆகஸ்ட் 20-இலிருந்து 25-க்குத் தள்ளிப்போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம், மூன்றாம் படிவங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தற்காலிகம் என்று அறிமுகமான 3பி என்னும் சுருக்கப் படிவமே நிலைத்துவிட்டது.

அடுத்ததாக வந்த மின்வழிச் சீட்டு, அதாவது ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வண்டியில் ஏறுமுன் வலைத்தளத்தில் பதிந்து எடுக்கவேண்டிய 'இ-வே பில்', 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் தொடங்கி, அன்றைக்கே தளம் முடங்கியதால் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பின்னரே அரசு படிகளை வகுத்துக்கொண்டது: மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு ஏப்ரல் 1, ஆந்திரத்துக்குள் ஓடும் சரக்குக்கு ஏப்ரல் 15, தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு ஜூன் 2. மின்னணு விலைப்பட்டியல் வந்தபோது இந்தப் பாடம் இன்னும் தெளிவாகப் பயன்பட்டது. வரிப் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்தில் பதிந்து, தனி எண்ணும் க்யூ.ஆர். குறியும் பெறவேண்டிய இந்த ஏற்பாடு, 2020 அக்டோபரில் ஐநூறு கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்களுடன் தொடங்கி, நூறு கோடி, ஐம்பது கோடி, இருபது கோடி, பத்துக் கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 அன்றுதான் ஐந்து கோடிக்காரரை எட்டியது. காளஹஸ்தி அளவிலான ஊர்களின் விநியோகஸ்தர்கள் இதற்குள் அடங்கியபோது, தளமும் மென்பொருள் விற்பவர்களும் கணக்கர்களும் ஏறக்குறைய மூன்று ஆண்டுப் பழக்கம் பெற்றிருந்தனர். முதல் இரண்டையும்விட மிகக் குறைந்த கூச்சலுடன் இது நிறைவேறியதற்கு இந்தப் படிப்படியான இறக்கத்தைத் தவிர வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

எல்லையோர வியாபாரிக்கு இவற்றின் நுணுக்கம் இன்னும் கூடுதல். வரிப் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. ஆந்திரத்துக்கு 37, தமிழ்நாட்டுக்கு 33. மாதவரத்துக் கிடங்கிலிருந்து காளஹஸ்திக்கு வரும் சரக்கின் பில்லில் ஒருங்கிணைந்த வரி ஒரே வரியாக நிற்க, அதே பெட்டி காளஹஸ்தியிலிருந்து ஏர்ப்பேடு கடைக்குப் போகும்போது மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரிய வேண்டும். அதுவே எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைக் கடைக்குப் போனால் மறுபடியும் ஒருங்கிணைந்த வரியாக வேண்டும். வழிச்சீட்டுக்கான வரம்பும் ஆந்திரத்துக்குள் ஐம்பதாயிரம், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் என வேறுபடுகிறது. கடையின் பெயரைப் பதியும்போது மாநிலக் குறியீட்டை ஒருமுறை தவறாக இட்டுவிட்டால், அந்தக் கடைக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் தவறாகவே வெளிவரும். கடைக்காரர் தமக்குரிய வரி வரவைப் பெற முடியாமல் போன பிறகே அது கண்ணில் படும்.

வரி வரவு என்பது, வாங்கும்போது செலுத்திய வரியை விற்கும்போது செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. 2022 ஜனவரி முதல், விற்றவர் தம் பில்லை ஏற்றி, அது வாங்கியவரின் 2பி என்னும் தானியங்கிப் பட்டியலில் தோன்றினால் மட்டுமே இந்த உரிமை கிடைக்கிறது. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கில் பதினெட்டு சதவீத வரி 1,80,000 ரூபாய். நான்கு சதவீத இலாபமோ 40,000 ரூபாய். விற்றவர் பில்லை ஏற்றாமல் விட்டால், தம் இலாபத்தின் நான்கரை மடங்குத் தொகையை வாங்கியவர் கையிலிருந்து கட்ட நேர்கிறது. ஆகவே மாதந்தோறும் கொள்முதல் கணக்கை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை, விநியோகஸ்தர் தம் மென்பொருளிடம் எல்லாவற்றுக்கும் முன்னதாக எதிர்பார்க்க வேண்டும். அழகான வரைபடங்களும் கைபேசிச் செயலியும் பின்னர் வரலாம்.

கிடங்குக்குள் பார்த்தால், திட்டங்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் அளவுக் குறிப்புகளில் இருக்கிறது. ஷாம்பூ பாக்கெட்டை நிறுவனம் பெட்டிக் கணக்கில் பில் போடுகிறது. விநியோகஸ்தர் சரக் கணக்கில் கடைக்கு விற்கிறார். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கிள்ளி விற்கிறார். ஒரு பெட்டிக்கு எத்தனை சரம், ஒரு சரத்துக்கு எத்தனை பாக்கெட் என்ற விகிதம் கணினியில் பிசகினால், முதல் வாரத்திலேயே இல்லாத சரக்கு இருப்பதாகவும் இருக்கிற சரக்கு இல்லாததாகவும் திரை காட்டத் தொடங்கும். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீம், பழைய விலையும் புதிய விலையும் கலந்து கிடக்கும் ஒரே பொருள், காலாவதியாகித் திரும்பி வந்த சரக்கு, சேல்ஸ்மேன் லைனுக்கு, அதாவது கடைகளின் சுற்றுக்கு, போய் எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் வசூலித்து வந்த பாக்கி ஆகிய நான்கும், காகிதக் கணக்கில் கணக்குப்பிள்ளையின் நினைவால் சமாளிக்கப்பட்டு வந்தவை. அவருடைய நினைவில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் புதிய அமைப்பைத் தொடங்குவதுதான், பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த தகவலைத் தொலைப்பதற்கு மிகச் சுருக்கமான வழி. கடைகளின் பெயர்ப் பட்டியலும் இவ்வாறே: தெலுங்கில் ஒரு விதமாகவும் தமிழில் ஒரு விதமாகவும் சொல்லப்படும் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகப் பதிவாகி, ஒரே கடை மூன்று கணக்குகளாக நிற்க, கடன் வரம்பு மும்மடங்காகிவிடும்.

பெங்களூரில் உருவாகி நாடெங்கும் பரவிய டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் இப்பகுதிக் கடைகளுக்குப் புதியவை அல்ல. சிக்கல் அவற்றோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் விநியோக மேலாண்மை மென்பொருளை விநியோகஸ்தரின் மேசையில் வைக்கின்றன. நிறுவனம் விநியோகஸ்தருக்கு விற்பது முதல்நிலை விற்பனை, விநியோகஸ்தர் கடைக்கு விற்பது இரண்டாம்நிலை விற்பனை. அந்த இரண்டாவதை அன்றன்றே காண்பதுதான் நிறுவனத்தின் நோக்கம். ஐந்து நிறுவனங்களின் சரக்கை வைத்திருப்பவர் ஐந்து திரைகளில் பில் போட்டு, அவற்றையெல்லாம் மீண்டும் தம் சொந்தக் கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கிறது. எந்தக் கடை எப்போது எவ்வளவு வாங்கும் என்ற அறிவு, அதாவது விநியோகஸ்தரின் உண்மையான சொத்து, இவ்வழியே நிறுவனத்தின் கையில் சேர்கிறது. 2021-இன் இறுதியில், மின்வணிக மொத்த விற்பனைத் தளங்களுக்குத் தங்களைவிடக் குறைந்த விலையில் சரக்குக் கிடைக்கிறது என்று அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு எழுப்பிய போராட்டம், விலையைப் பற்றியதாகவே பேசப்பட்டது. ஆயினும் கடைக்காரரை நேரடியாக எட்டும் செயலிகள் வளர்ந்துவந்த நிலையில் நடுக்கட்டத்தின் இடம் என்ன என்ற கேள்வியும் அதனுள் இருந்தது. தம் விற்பனைத் தரவின் ஒரு முழுப் படியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் ஏற்பது விநியோகஸ்தருக்கு நன்மையாகாது.

அண்மைய சோதனை 2025-இல் வந்தது. செப்டம்பர் 3 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரிக் குழு, சோப்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய், பிஸ்கட் உள்ளிட்ட அன்றாடப் பொருள்களின் வரியைப் பதினெட்டிலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைத்து, செப்டம்பர் 22 முதல் நடைமுறை என்று அறிவித்தது. இந்தக் குறைப்பு நுகர்வோருக்கு உண்மையான நன்மை. விநியோகஸ்தருக்கோ, பத்தொன்பது நாள்களில் ஒவ்வொரு பொருளின் வரி விகிதத்தையும் விலையையும் கணினியில் திருத்தி, கையிருப்பை இறக்கி, கடைகள் புதிய விலைக்காகக் காத்திருந்து வாங்காமல் நின்ற நாள்களையும் தாங்கவேண்டிய வேலை. பதினெட்டு சதவீதம் செலுத்தி வாங்கிய சரக்கை ஐந்து சதவீதத்துக்கு விற்றபோது மிஞ்சிய வரி வரவு கணக்கில் தங்கியது. அதே பொருளின் வரி இடையில் குறைந்ததால் மிஞ்சும் வரவைப் பணமாகத் திரும்பப் பெற முடியாது என்பது வரித்துறையின் நிலைப்பாடு. அது அடுத்தடுத்த விற்பனையில்தான் கழிய வேண்டும். திருமலையில் புரட்டாசி பிரம்மோற்சவம் தொடங்கவிருந்த அதே வாரத்தில், சுற்றுவட்டாரக் கடைகளில் சரக்கு மிக வேகமாக ஓடும் நேரத்தில் இது நிகழ்ந்தது.

சட்டம் குறிக்கும் நாளை வியாபாரி மாற்ற இயலாது. தம் சொந்த மென்பொருளை மாற்றும் நாளை அவரே தேர்ந்தெடுக்கலாம். புதிய பில் எண் வரிசை தொடங்குகிறது என்பதற்காக ஏப்ரல் 1-ஐத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருந்தாலும், அதற்கு முந்தைய வாரங்கள் ஆண்டு இலக்குக்காக நிறுவனங்கள் சரக்கைத் தள்ளும் வாரங்களாக இருப்பதால், கிடங்கு நிரம்பி வழிகையில் எண்ணிக்கை எடுப்பது நடவாத காரியமாகிறது. மாசியில் காளஹஸ்திக் கோயிலின் மகாசிவராத்திரி உற்சவமும், புரட்டாசியில் திருமலை உற்சவமும், ஐப்பசியில் தீபாவளியும் விலக்கப்பட வேண்டியவை. தமிழரின் ஆடியும் அதனுடன் ஓரளவு ஒன்றுபடும் தெலுங்கரின் ஆஷாடமும் அடங்கிய மந்த காலமே இவ்வட்டாரத்துக்கு உகந்தது. அப்போது ஒரு நிறுவனத்தின் சரக்கையும் ஒரே ஒரு லைனையும் மட்டும் புதிய அமைப்பில் ஏற்றி, மாதம் முழுவதும் பழைய கணக்கையும் உடன் நடத்தி, இரண்டின் கையிருப்பும் பாக்கியும் ஒத்துவருகிற வரை அடுத்த நிறுவனத்தின் சரக்கைத் தொடாமல் இருந்தால், ஆவணி பிறக்குமுன் பிழைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும். அந்த ஒரு மாதத்துக்குத் தேவைப்படும் கூடுதல் ஆள் சம்பளத்தை மென்பொருள் செலவின் பகுதியாகவே முதலில் கணக்கிட வேண்டும். அதை மிச்சப்படுத்த முயல்வது பின்னர் பில் நின்ற நாள்களாகத் திரும்பி வரும்.