பேட்டரி வாங்கும் முன் வரவைப் பாருங்கள்!

கடை வண்டியின் சார்ஜிங், ஃபேன் கோளாறுகளைக் கண்டறியும் முறை

நம் கடைகளுக்குத் தராசும் கல்லாப்பெட்டியும் எவ்வளவு அவசியமோ, வாசலில் நிற்கும் இருசக்கர வண்டியும் அவ்வளவு அவசியமாகிவிட்டது. மண்டியிலிருந்து பருப்பு மூட்டை வருவதும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மாதச் சாமான் போவதும், மாலையில் நிலுவை வசூலுக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டி ஒருநாள் காலையில் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால், அன்றைய வியாபாரத்தில் பாதி நின்ற மாதிரிதான்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆளை அழைக்கிறோம். அவர் செல்ஃப் பட்டனை ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிருச்சு அண்ணாச்சி, மாத்திடுங்க" என்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதிது போடுகிறோம். வண்டியும் உடனே கிளம்புகிறது. சில மாதங்களில் மறுபடியும் அதே 'டக்'.

எங்கள் கடை ஸ்கூட்டருக்கு ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி போட்டோம். மூன்றாவது முறை, தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு ஒன்பது மணிக்கு வண்டி நடுவழியில் நின்றது. கடைப் பையன் கையில் வசூல் பணம். வண்டியில் இரண்டு எண்ணெய் டின். அன்று வந்து பார்த்த வயதான எலக்ட்ரீசியன், "பேட்டரியை மாற்று" என்று சொல்லவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த ஒரு கப்ளரைப் பிரித்துக் காட்டினார். அதன் பிளாஸ்டிக் கருகி, உள்ளிருந்த பின் கறுத்துப் போயிருந்தது. "வரவே இல்லாத கடையில எத்தனை தரம் முதல் போட்டாலும் கரைஞ்சுதான் போகும் அண்ணாச்சி" என்றார். அந்தக் கப்ளரை மாற்ற ஆன செலவு, நாங்கள் வீணாக்கிய இரண்டு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நம் தொழிலில் இருப்பு குறைந்தால் முதலில் பேரேட்டைப் புரட்டுகிறோம். வண்டிக்கும் அதே முறைதான்.

வரவு, செலவு, இருப்பு

இஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து மேக்னெட்டோ சுற்றுகிறது. அதனுள் இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் ஏ.சி. மின்சாரம் உண்டாகிறது. ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற சிறு அலுமினியப் பெட்டி, நம் கடைக்காரர்கள் 'ஆர்.ஆர். யூனிட்' என்பது, அதை டி.சி. மின்சாரமாக மாற்றி, அளவோடு பேட்டரிக்கு அனுப்புகிறது. இது வரவு. செல்ஃப், ஹாரன், இண்டிகேட்டர், விளக்கு, பெட்ரோல் பம்ப் ஆகியவை செலவு. பேட்டரி என்பது கையிருப்பு மட்டுமே.

இந்தக் கணக்கு இப்போது முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படி செய்யப்பட்டுள்ளது. 35 வாட் பல்பு ஒன்று பேட்டரியிலிருந்து எரிந்தால் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். வரவு நின்றுவிட்ட வண்டியில், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மேலும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பழைய கார்புரேட்டர் வண்டி பேட்டரி இறங்கினாலும் பெரும்பாலும் கிக்கரில் கிளம்பிவிடும். இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் பம்புக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் மின்சாரம் கிடைக்காவிட்டால் உதைத்தும் பயனில்லை.

மூன்று அளவுகள் போதும்

இதற்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதை டி.சி. 20 வோல்ட் அளவில் திருப்பி, சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பு முள்ளை மைனஸ் முனையிலும் வைக்க வேண்டும்.

முதல் அளவு, இருப்பு. இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுமுன் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் இருப்பு நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது.

இரண்டாவது அளவு, பேட்டரியின் தெம்பு. முள்களை எடுக்காமல் செல்ஃப் பட்டனை அமுக்குங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட் அளவிலாவது நிற்கும். முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி பட்டனை அமுக்கியதும் 8, 7 என்று சரிந்தால் பழுது பேட்டரியில்தான், மாற்றலாம். சார்ஜ் ஏற்றாமலே இந்தச் சோதனையைச் செய்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. பசியோடிருக்கும் ஆளை மூட்டை தூக்கச் சொல்லிவிட்டு நோயாளி என்பது போலாகும்.

மூன்றாவது அளவு, வரவு. இதுதான் முக்கியம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் தரையில் படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வேட்டி, கோணி, கயிறு எதுவும் சக்கரத்தின் அருகில் இருக்கலாகாது. இஞ்சினை ஓடவிட்டு, சாலையில் மிதமாகப் போகும்போது கேட்கும் சத்தம் வரும் வரை ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடியுங்கள். மீட்டர் 13.5 முதல் 14.5 வரை காட்டினால் வரவு சரியாக இருக்கிறது. 12.6-லிருந்து ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ வரவு இல்லை. 15-ஐத் தாண்டினால் வரவு அளவு மீறுகிறது. பேட்டரி வீங்குவதும் பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆவதும் இதனால்தான். அப்போது ஆர்.ஆர். யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வரவு இல்லையென்றால் எங்கே தேடுவது?

செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதே வணிகனுக்கு அழகு.

முதலில் பேட்டரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி வெந்நீரில் துடைத்து, உலர்த்தி, இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது பிளஸ் முதலில்.

இரண்டாவது பியூஸ். பிறகு ஸ்டேட்டர் ஒயரும் ஆர்.ஆர். யூனிட்டும் சேரும் கப்ளர். அது பழுத்திருந்தாலும், உருகியிருந்தாலும், தொட்டால் சுட்டாலும் குற்றவாளி அநேகமாக அதுதான். ஆர்.ஆர். யூனிட்டின் பாடி எர்த் திருகும் துருவின்றி இறுக்கமாக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் எலக்ட்ரீசியனிடம் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று ஒயர் வரும் வண்டிகளில், கப்ளரைக் கழற்றி இஞ்சினை ஓட்டி, இரண்டிரண்டு ஒயர்களாக ஏ.சி. அளவு பார்ப்பார். மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அது ஏற வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் கருகியிருக்கிறது. காயில், கப்ளர் எல்லாம் நலமாக இருந்தும் பேட்டரிக்கு வரவில்லையென்றால் ஆர்.ஆர். யூனிட்டை மாற்றலாம். இந்த ஒயர்களில் வெறுங்கை படக் கூடாது.

பல பி.எஸ். 6 ஸ்கூட்டர்களில் சத்தமின்றிக் கிளம்பும் அமைப்பு உண்டு. அவற்றில் செல்ஃப் மோட்டாரின் வேலையையும் மேக்னெட்டோவே செய்கிறது. அத்தகைய வண்டிகளில் மேலே சொன்ன மூன்று அளவுகளோடு நாம் நிறுத்திக்கொண்டு, மற்றதைக் கம்பெனி சர்வீஸில் விடுவதே நல்லது.

ஓர் எச்சரிக்கை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி அணையாமல் ஓடினால் சார்ஜ் ஆகிறது" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்டியே கெட்டுப்போகலாம். நம் வண்டியில் அதை அனுமதிக்கலாகாது.

வரவு சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், இரவில் எங்கோ கசிவு இருக்கிறது. சாவியைத் தொடாமல் நேராகப் பேட்டரியில் மாட்டிய செல்போன் சார்ஜர், கூடுதல் எல்.இ.டி. விளக்கு, பெரிய ஹாரன் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

ஃபேன் விஷயம்

சுமை ஏற்றி ஓடும் வண்டியில் வெப்பம் இன்னொரு பகை. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் இஞ்சின் மூடியிருப்பதால், மேக்னெட்டோவின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் ஃபேன் திருகப்பட்டிருக்கிறது. அது இழுக்கும் காற்றைச் சுற்றியுள்ள உறை இஞ்சின் மேல் செலுத்துகிறது. இதற்குப் பியூஸும் இல்லை, சுவிட்சும் இல்லை. இஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். ஆகவே கோளாறு என்றால் மூன்றுதான்: இறக்கை உடைந்திருக்கும், காற்று நுழையும் சல்லடை அடைத்திருக்கும், அல்லது உறையின் திருகு கழன்று காற்று வேறு பக்கம் போகும். நம் வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம். கோணிச் சணல் நார், மாவுத்தூள், பிளாஸ்டிக் பை ஆகியவை அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஃபேன் பக்கம் 'கடகட' என்ற சத்தம், ஏற்றத்தில் வண்டி இழுக்காமை, நிறுத்திய பின் கருகல் வாடை ஆகிய அறிகுறிகளை அலட்சியம் செய்தால், பிஸ்டன் பிடித்துக்கொண்டு பெருஞ்செலவு வைக்கும். மேக்னெட்டோ பக்கம் வேலை நடந்த ஒவ்வொரு முறையும் உறையின் திருகுகள் எல்லாம் திரும்பப் போடப்பட்டனவா என்று எண்ணிப் பாருங்கள்.

பல்சர் என்.எஸ். 200, யமஹா ஆர்15 போன்ற ரேடியேட்டர் வண்டிகளில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. கூலண்ட் போதிய சூடேறிய பிறகே அது சுற்றத் தொடங்கும். சாலையில் வேகமாகப் போகும்போது சுற்றவில்லை என்பது கோளாறாகாது. சிக்னலில் நின்று சூடு ஏறியும் சுற்றவில்லையென்றால்தான் கவலை. வண்டி நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். கூலண்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், இஞ்சின் கொதித்தாலும் ஃபேனுக்குக் கட்டளை போகாது. அடுத்தது பியூஸ். பிறகு ஃபேனின் கப்ளரைக் கழற்றி, அதற்கு நேராக 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றினால் ஃபேன் நலம். ரிலேயிலோ சென்சாரிலோ ஒயரிலோ பழுது. சுற்றாவிட்டால் ஃபேன் மோட்டாரே போய்விட்டது. ஒயர் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதால், வேலை முடிந்ததும் காற்றின் திசையைக் கவனிக்க வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைபடும்.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. வரவு குறைந்த வண்டியில் மின்சார ஃபேன் மந்தமாகச் சுற்றும், இஞ்சின் சூடாகும். சுவிட்சோ ரிலேயோ ஒட்டிக்கொண்டு ஃபேன் ஓயாமல் ஓடினால் பேட்டரி வற்றும். எனவே ஃபேன் புகார் வந்தாலும் முதலில் பேட்டரியில் மீட்டர் வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

மாதந்தோறும் கணக்கு முடிக்கும் நாளில், அந்த மூன்று அளவுகளையும் எடுத்துத் தேதியோடு ஒரு பழைய நோட்டில் எழுதிவையுங்கள். ஐந்து நிமிட வேலை. போன மாதம் 14.2, இந்த மாதம் 13.1 என்று இறங்கினால், வண்டி நிற்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது, "ஸ்டார்ட் ஆகலை" என்பதற்குப் பதிலாக, "ஓடும்போது 12.4-தான் காட்டுது தம்பி, கப்ளரைப் பாரு" என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தொழிலாளி இதற்காக வருத்தப்பட மாட்டார். அளந்து கொடுப்பதும் அளந்து வாங்குவதும் அவருக்கும் பழக்கமானதுதான்.

சரக்கு வாங்கும்போது எடை போடாமல் நாம் பணம் கொடுப்பதில்லை. பேட்டரி வாங்கும்போது மட்டும் ஏன் அளக்காமல் கொடுக்க வேண்டும்? அடுத்த சீசன் தொடங்குமுன் ஒரு மீட்டர் வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நம் கடைப் பையன் இரவில் வசூல் பணத்தோடு நடுரோட்டில் நிற்காமல் வீடு போய்ச் சேருவதற்கு அந்தச் சில நூறு ரூபாய் பெரிய செலவாகாது.