பதினைந்து வயதில் ஒரு தேர்வு

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தில்தான் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பாரதியார் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் இயந்திர நுட்பத்தில் பெருவேட்கை கொண்டவர். கரிசல் மண்ணின் பருத்தியை நம்பி அவ்வூரில் ஆலை நிறுவியவர். மைந்தன் கணிதமும் மேனாட்டுத் தொழில்நுட்பமும் கற்றுத் தேற வேண்டும் என்பது அவர்தம் அவா. மைந்தனின் உள்ளமோ தமிழில் தோய்ந்து கிடந்தது. தந்தை 1898இல் மறைந்தபின் காசிக்குச் சென்ற பாரதியார், அங்கே அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார் என்பது பலர் நினைவில் கொள்ளாத செய்தி.

தந்தையின் விருப்பத்திற்கும் பிள்ளையின் நாட்டத்திற்கும் இடையே நடந்த அந்த இழுபறி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் இல்லங்களில் நடைபெறுகிறது. 1978இல் மேனிலைக் கல்வி தமிழகத்தில் வருமுன், பள்ளியிறுதி முடித்தவர் கல்லூரிக்குச் சென்று புகுமுக வகுப்பில் பிரிவைத் தெரிந்துகொண்டனர். அப்பொறுப்பு இன்று பதினோராம் வகுப்பில் சேரும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏறியிருக்கிறது. மதிப்பெண் மிகுந்தால் ‘முதல் குரூப்’, குறைந்தால் வணிகவியல், அதனினும் குறைந்தால் வரலாறு என்று தரம் பிரிக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. பிரிவு என்பது பரிசன்று. எந்தக் கதவைத் திறக்கப் போகிறோமோ அதற்குரிய திறவுகோல்.

அந்தக் கதவுகளின் பூட்டும் அவ்வப்போது மாறி வந்துள்ளது. 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. மேனிலைத் தேர்வுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300க்குத் தகுதி கணக்கிட்டனர். அது நீங்கியபின் பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற 200 மதிப்பெண் கணக்கே நின்றது. மருத்துவமோ 2017 முதல் ‘நீட்’ தேர்வின் வழியே செல்கிறது. அதன் 180 வினாக்களில் 90 உயிரியலுக்குரியவை, கணிதத்திலிருந்து ஒன்றுமில்லை. ஆயினும் மருத்துவத்தையே குறியாகக் கொண்ட பிள்ளைகள் பலர் கணிதத்தையும் உடன் சுமக்கின்றனர். இரு வழியும் திறந்திருக்கட்டும் என்ற எண்ணம் தவறன்று. இரண்டையும் சுமக்கும் வலிமை அப்பிள்ளைக்கு உண்டா என்று யாரேனும் கேட்டதுண்டா என்பதே எம் வினா.

நம் கடற்கரையையே சான்றாகக் கொள்வோம். முத்துக்குப் பேர்போன தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு உயிரியல் இன்றியமையாதது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டியதில்லை, மேனிலை மதிப்பெண்ணே போதும். அதே கடலில் கப்பல் அதிகாரியாகச் செல்ல விழைபவனுக்கோ கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கண்பார்வைத் தகுதியும் ஆங்கிலத்தில் உரிய மதிப்பெண்ணும் கேட்பார்கள். கடல் ஒன்றுதான், அதற்குச் செல்லும் வழி இரண்டு. ‘கடல் சார்ந்த படிப்பு’ என்று மட்டும் கேள்வியுற்று உயிரியலை விட்டவன் மீன்வளக் கல்லூரியின் வாயிலில் நிற்க நேரிடும். கணிதத்தை விட்டவன் கப்பலை எட்ட இயலாது. கப்பலை நினைத்துக் கணிதம் எடுப்பவன் முதலில் கண் மருத்துவரிடம் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்வது நன்று.

வணிகவியலும் கலைப்பிரிவும் எடுத்தோர்க்குக் கதவே இல்லை என்பாரும் உளர். பட்டயக் கணக்கர் அடிப்படைத் தேர்வை எப்பிரிவினரும் எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிரிவுத் தடை கிடையாது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நடத்தப்படும் பொது நுழைவுத் தேர்வில் வரலாறும் பொருளியலும் பாடங்களே. அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

பெரியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளின் பிரிவைப் பல வேளை தீர்மானிப்பது அவர்தம் விருப்பமன்று, பேருந்துதான். அருகிலுள்ள பள்ளியில் எப்பிரிவு இருக்கிறதோ அதுவே அவள் படிப்பாகிவிடுகிறது. ஊரில் உயிரியல் இல்லையெனில் கோவில்பட்டி வரை சென்றுவர அவளுக்குத் துணை செய்வது ஊர்ப் பெரியவர்களால் இயலாத செயலன்று. சேர்க்கும்போதே அப்பாடத்திற்கு ஆசிரியர் உண்டா, ஆய்வுக்கூடம் இயங்குகிறதா என்றும் கேட்டறிக.

அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையைப் பயிற்சி கருதித் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணுவோர் சற்றுப் பொறுக்க. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து வந்த பிள்ளை, இறுதி இரண்டாண்டுகள் வேறிடம் சென்றால் அவ்வுரிமையை இழக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் தலைமையாசிரியரிடம் இதனைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.